நான்காம் மாதத்து விழிப்பு

நம் குடும்பங்களில் தலைப்பேறு பெரும்பாலும் தாய்வீட்டிலேயே நிகழ்கிறது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பிட்டு ஊருக்கு அனுப்பப்படும் பெண், பிள்ளையைக் கையிலேந்தி மௌலா அலிக்குத் திரும்புவது மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோதான். சென்னையில் மாலையில் ஏறினால் ஓர் இரவுப் பயணம். விடிந்தால் செகந்திராபாத்தோ சர்லப்பள்ளியோ. வாயிலில் ஆரத்தி சுற்றுகிறார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார் பழமும் பூவும் கொணர்ந்து பிள்ளையைக் கண்டு போகிறார். தந்தையின் அலுவலகத்தில் இனிப்பு வழங்கப்படுகிறது.

பத்து நாள் கழித்து அதே வீட்டிலிருந்து வரும் செய்தியோ வேறு. ஊரில் இரவு ஒருமுறை விழித்துப் பால் குடித்துவிட்டு விடியும்வரை உறங்கிய குழந்தை, இங்கு வந்தபின் மணிக்கொரு தரம் விழிக்கிறது. தூளியிலிட்டு ஆட்டினால் கண் மூடுகிறது. ஆட்டம் நின்றதும் வீறிடுகிறது. பகலிலும் அரைமணிக்கு மேல் உறக்கமில்லை. சென்ற சில திங்களில் நம் பகுதிக்கு வந்த கடிதங்களுள் நான்கு இதே செய்தியைத் தாங்கியவை. நான்கிலும் குழந்தையின் வயது மூன்றரை மாதத்திற்கும் ஐந்து மாதத்திற்கும் இடைப்பட்டதே. இந்த ஒற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இவ்விழிப்புக்கு வீட்டார் கூறும் காரணங்களைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே எழுதலாம். இரயில் வண்டியின் அதிர்ச்சி குழந்தையின் உடம்பில் தங்கிவிட்டது என்பார் ஒருவர். இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் மற்றொருவர். என்ஜின் கொட்டகையின் ஓசையையும், யார்டில் வாகன்கள் மோதும் அரவத்தையும் குறை கூறுவோர் உளர். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவோர் உளர். இவை அனைத்தும் சொல்லித் தீர்ந்தபின், கடைசியாக ஒரு காரணம் வருகிறது. அது தாயின்மீது விழுகிறது. “இவளுக்குப் பால் பற்றவில்லை, அதனால்தான் பிள்ளை பசித்து அழுகிறது” என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். நேரில் இல்லாவிடில் தொலைபேசி வழியாகவேனும் சொல்லிவிடுகிறார். அச்சொல் விழுந்த வீட்டில் மறுநாளே மாவுப்பால் டப்பா வந்து அலமாரியில் அமர்ந்துவிடுகிறது. நாம் இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அந்த டப்பாவே காரணம்.

முதலில் உறக்கத்தின் இயல்பைச் சிறிது காண்போம். இத்துறையில் பெரியதொரு கண்டுபிடிப்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததிலிருந்தே பிறந்தது. அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைட்மன் என்னும் உறக்க ஆராய்ச்சிப் பேராசிரியரிடம் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் பயின்றார். உறங்கும் சிசுக்களின் இமைகளை மணிக்கணக்கில் உற்றுநோக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. இதைவிடச் சலிப்பூட்டும் வேலை உலகில் இருக்க முடியுமா என்று தோன்றும். ஆயினும் அவர் விடாது நோக்கினார். குழந்தை உறங்கும்போது சில வேளை கண்ணும் உடலும் அசைவதையும், சில வேளை முற்றும் அடங்கிக் கிடப்பதையும், இவை முறையாக மாறிமாறி வருவதையும் கண்டார். பின்னர்த் தம் எட்டு வயது மகனின் தலையில் கம்பிகளைப் பொருத்தி இரவெல்லாம் அளந்தார். மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து உருளும் ஓர் உறக்கநிலை மனிதர்க்கு உண்டென்று 1953-இல் ஆசிரியரும் மாணவரும் உலகுக்கு அறிவித்தனர்.

(அதே 1953-ஆம் ஆண்டில்தான் நம் நகரில் நிலூஃபர் மருத்துவமனை தாய்சேய்களுக்கென ஏற்பட்டது. தம் பணிப்பெண் ஒருத்தி பேற்றின்போது இறந்ததைக் கண்டு மனம் வருந்திய நிஜாம் குடும்பத்து மருமகள் நிலூஃபர் அம்மையாரின் முயற்சியால் எழுந்தது அது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆண்டு ஒன்றாயிருப்பதால் சொல்லி வைத்தோம்.)

பிறந்த குழந்தைக்கு உறக்கத்தில் ஏறத்தாழப் பாதி இந்த அசைவு உறக்கமே. சிரிப்பதும், முகம் சுளிப்பதும், முனகுவதும், கைகால் உதறுவதும் அந்நிலையில் நிகழ்வன. கடவுள் சிரிப்புக் காட்டுகிறார் என்று நம் பாட்டிமார் கூறுவது இதனைத்தான். மற்றப் பாதி அமைதி உறக்கம். இரண்டும் சேர்ந்த ஒரு சுற்று முடிய ஐம்பது அறுபது நிமிடம் ஆகும். வளர்ந்தோர்க்கு இச்சுற்று ஒன்றரை மணியளவு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உறக்கம் மெலிகிறது. நாமும் இரவில் பலமுறை அவ்வாறு மெலிந்து, புரண்டு படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டு மீண்டும் உறங்கிவிடுகிறோம். காலையில் அது நினைவிலிருப்பதில்லை. குழந்தைக்கு அக்கலை இன்னும் கைவரவில்லை.

மூன்றாம் நான்காம் மாத வாக்கில் மூளையின் வளர்ச்சியால் இவ்வமைப்பே மாறுகிறது. அதுவரை அசைவு உறக்கத்தினுள் நேரே புகுந்துகொண்டிருந்த குழந்தை, இனி வளர்ந்தோரைப் போல அமைதி உறக்கத்தின் வழியே புகத் தொடங்குகிறது. அமைதி உறக்கமும் மெல்லியதென்றும் ஆழ்ந்ததென்றும் படிகளாகப் பிரிகிறது. இரவு எது, பகல் எது என்று உடல் தானே அறியும் ஒழுங்கும் இப்பருவத்தில்தான் நிலைபெறுகிறது. ஆகவே சுற்றுக்குச் சுற்று உறக்கம் மெலியும்போது குழந்தை முன்னினும் நன்றாக விழித்துக்கொள்கிறது. விழித்ததும் நோக்குகிறது. கண் மூடும்போது தாயின் மடியோ, ஆடும் தூளியோ, தாலாட்டின் ஒலியோ இருந்தது. இப்போது அது இல்லை. அழாமல் என்ன செய்யும்?

இத்துடன் மற்றொன்றும் சேர்கிறது. நான்கு மாதக் குழந்தைக்கு உலகம் புதிதாகத் திறக்கிறது. தொலைவிலுள்ள பொருளும் கண்ணுக்குத் தெளிகிறது, கவிழ முயல்கிறது, மின்விசிறியைப் பார்த்துப் பேசுகிறது. பகலில் பால் குடிக்கும்போதே கதவு திறக்கும் ஓசைக்குத் தலையைத் திருப்பிவிடுகிறது. அரைவயிற்றோடு பகலைக் கழித்துவிட்டு, அக்கணக்கை இரவில் நேர்செய்துகொள்கிறது. கணக்கு எழுதுவோர்க்கு இது விளங்கக்கூடிய செய்திதான்.

இது இன்றைய பிள்ளைகளுக்கு வந்த புதுப் பழக்கமென்று எண்ணுவோர் உண்டு. இலண்டன் மாநகரில் மூர், உக்கோ என்னும் இருவர் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரவு விழிப்பை ஆராய்ந்து 1957-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றுண்டு. நள்ளிரவு முதல் ஐந்து மணிவரை விழிக்காதிருத்தலையே அவர்கள் ‘அமைதல்’ என்று கொண்டனர். மூன்று மாதத்திற்குள் நூற்றுக்கு எழுபது குழந்தைகள் அவ்வாறு அமைந்தன. ஆறு மாதத்திற்குள் எண்பத்து மூன்று. நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் முதலாண்டு முழுவதும் அமையவே இல்லை. நமக்கு வேண்டிய செய்தி அடுத்து வருவது: ஒருமுறை அமைந்த குழந்தைகளிலும் ஏறத்தாழப் பாதி, ஆண்டு முடியுமுன் மீண்டும் விழிக்கத் தொடங்கின. மௌலா அலியின் தண்ணீரை அக்குழந்தைகள் குடித்ததில்லை. சென்னை வண்டியிலும் அவை ஏறியதில்லை.

இப்போது முன்னே மனத்தில் இருத்தச் சொன்ன ஒற்றுமையை எடுத்துக்கொள்வோம். உறக்கம் மாறும் மாதமும், நம் பெண்கள் தாய்வீட்டிலிருந்து திரும்பும் மாதமும் ஒன்றே. ஊரிலேயே தங்கியிருந்தாலும் அந்த மாதத்தில் அக்குழந்தை விழித்திருக்கும். அங்கே பாட்டி இருந்திருப்பாள். சித்தியும் அத்தையும் இருந்திருப்பர். ஒரு கை ஓய்ந்தால் மற்றொரு கை வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் அது ஒரு செய்தியாகவே எழுந்திராது. இங்கே இரண்டறைக் குடியிருப்பு. கணவர் இரவுப் பணிக்குப் போனால் பகலில் அவர் உறங்க வேண்டும். பேச்சுத் துணைக்கும் அண்டையாரின் மொழி இன்னும் பழகவில்லை. குழந்தையின் விழிப்பு இரண்டிடத்தும் ஒன்றே. தாங்கும் தோள்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. புதிய இடமும் புதிய முகங்களும் சில நாள் குழந்தையைக் கலக்குவது உண்டு; அதை மறுக்கவில்லை. அக்கலக்கம் ஒருவாரத்தில் அடங்கும். நாலைந்து வாரம் நீளும் விழிப்பு வயதினால் வருவது.

இனிப் பால் பற்றிய வழக்குக்கு வருவோம். பால் பற்றுகிறதா என்பதை இரவு விழிப்பைக் கொண்டு தீர்மானிப்பது, வண்டியின் கூவலைக் கேட்டு அதில் ஏற்றிய சரக்கின் எடையைச் சொல்வது போன்றது. எடைக்குத் தராசு இருக்கிறது. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா? பால் குடிக்கும்போது விழுங்கும் ஒலி கேட்கிறதா? விழித்திருக்கும்போது முகம் தெளிந்து விளையாடுகிறதா? பிறந்தபோதிருந்த எடை ஐந்தாம் மாதத்தை ஒட்டி ஏறத்தாழ இரட்டித்திருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை வந்தால் பால் பற்றுகிறது. தடுப்பூசிக்குச் செல்லும்போதெல்லாம் எடையைக் கேட்டு அட்டையில் குறித்து வாருங்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஊசி உண்டு. இரயில்வே குடும்பத்தார்க்கு லாலாகுடா மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. மாமியாரின் ஐயத்திற்கு அட்டையிலுள்ள எண்ணைக் காட்டுவதே மரியாதையான மறுமொழி. எடை ஏறவில்லையெனில், அதுவும் அந்த அட்டையில்தான் முதலில் தெரியும். உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மாவுப்பால் கொடுத்தால் குழந்தை இரவில் உறங்கும் என்ற நம்பிக்கை எங்கும் உண்டு. ஐயத்தின் பேரில் இரவில் ஒரு புட்டி தொடங்குகிறது. மார்பில் பால் எடுக்கப்படாவிடில் சுரப்பு குறைகிறது. சுரப்பு குறைந்ததும் இரண்டு புட்டி ஆகிறது. ஒரு மாதத்தில், முதலில் பொய்யாகச் சொன்ன சொல் மெய்யாகிவிடுகிறது! இதனைத் தடுக்கவே நம் நாட்டில் 1992-இல் சிசுக்களுக்குரிய மாற்றுப்பால் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் திருத்தி மேலும் வலுவாக்கப்பட்டது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு இந்நாட்டில் விளம்பரம் செய்யலாகாது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. மருத்துவக் காரணத்தால் மாவுப்பால் கொடுக்க நேர்ந்த தாய்மாரை நாம் இங்குக் குறைகூறவில்லை. அண்டையார் சொல்லுக்காகப் பாலை நிறுத்துவதையே வேண்டா என்கிறோம். மேலும் ஒன்று: இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் பொருள் கலந்திருக்கிறது. புட்டியில் அதை யார் கலப்பார்?

உறக்கத்திற்கு மருந்து தேடும் வழக்கம் இதைவிடப் பழமையானது. நம் வீடுகளில் உரைகல்லில் வசம்பையும் ஜாதிக்காயையும் இழைத்து நாவில் தடவுவர். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். முன்னோர் வழக்கத்தை எள்ளுதல் நம் நோக்கமன்று. ஆயினும் ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் நஞ்சும் உண்டாக்கும். நாலு கிலோ, ஐந்து கிலோ எடையுள்ள உடம்புக்கு எது அளவு என்பதை உரைகல் சொல்லாது. வசம்பை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1968-லேயே தடை செய்தது. தேனும் ஓராண்டு நிறையும்வரை ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலறச் செய்துவிடும். கடைகளில் விற்கும் கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து மருந்து வணிகர் வில்லியம் உட்வர்டு செய்தது. அதன் பழைய செய்முறையில் சாராயம் கலந்திருந்தது. சாராயம் நீக்கிய இந்நாளைய மருந்து உறக்கம் தருமென்பதற்குச் சான்றில்லை.

இவற்றினும் கொடியது ஒன்று இருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார், ஆலைக்குச் செல்லுமுன் குழந்தைக்கு அபின் கலந்த சிறு உருண்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவர். ‘பால கோலி’ என்று அதற்குப் பெயர். 1931-இல் வெளிவந்த விட்லி ஆணையத்தின் அறிக்கையிலும் ஆலைத் தொழிலாளர் குழந்தைகளுக்கு அபின் ஊட்டும் வழக்கம் பேசப்படுகிறது. அத்தாய்மார் அன்பற்றவர் அல்லர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் பிழைக்க வந்த அவர்களுக்குக் குழந்தையை ஏந்த வேறு கையில்லை. விடிந்தால் ஆலைச் சங்கு ஊதும். இந்நாளில் அபின் இல்லை. ஆனால் சளிமருந்து கொடுத்தால் குழந்தை நன்றாக உறங்குகிறது என்று நம்மிடமே ஒருவர் மகிழ்ந்து கூறினார். சளி இல்லாத குழந்தைக்குச் சளிமருந்து! மருத்துவர் எழுதித் தராத எந்த மருந்தும் உறக்கத்திற்கென்று கொடுக்கலாகாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். மாயம் ஒன்றும் இல்லை. சில சிறு ஒழுங்குகள் உண்டு. காலையில் எழுந்ததும் சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். பகல் உறக்கத்திற்காக வீட்டை இருட்டாக்கி அனைவரும் கைச்சாடையில் பேச வேண்டியதில்லை. மாலை மங்கியதும் விளக்கைத் தணித்து, தொலைக்காட்சியை அணைத்து, உடம்பைத் துடைத்து, பால் கொடுத்து, ஒரே தாலாட்டை ஒரே வரிசையில் நாள்தோறும் செய்து வாருங்கள். பாடத் தெரியாது என்று தந்தையர் தப்ப முயல்வர். குழந்தை இராகம் கேட்பதில்லை. இரவில் விழித்துப் பால் கொடுக்கும்போது பெரிய விளக்கும் வேண்டா, செல்பேசியின் வெளிச்சமும் வேண்டா, கொஞ்சலும் வேண்டா. இரவு விளையாட்டுக்குரியதன்று என்பதைக் குழந்தை அதனால்தான் கற்கும்.

நான்கு மாதக் குழந்தை ஒருமுறை விழித்தால் இரண்டு மணி நேரத்திற்குமேல் தாங்காது. கண்ணைக் கசக்குவதும், காதைப் பிடித்திழுப்பதும், முகத்தைத் திருப்புவதும் அதன் அறிவிப்புகள். அப்போதே கிடத்திவிட வேண்டும். அலறும்வரை காத்திருந்தால் உறக்கம் ஓடிவிடும். நன்றாகப் பகலில் களைத்தால் இரவில் நன்றாக உறங்கும் என்று கருதிப் பகல் உறக்கத்தைத் தடுப்போர் இருக்கிறார்கள். களைப்பு மிகுந்த குழந்தை இன்னும் அதிகமாக விழிக்கிறது. இப்பருவத்துக்கு இரவும் பகலும் சேர்ந்து 12 முதல் 16 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்திருக்கிறது. பன்னிரண்டும் பதினாறும் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். எதிர்வீட்டுக் குழந்தையின் கணக்கை நம் குழந்தைக்கு எழுதக்கூடாது.

நள்ளிரவில் சிறு முனகல் கேட்டவுடன் பாய்ந்து எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். அசைவு உறக்கத்தின் முனகலாயின் தானே அடங்கும். நாள்தோறும் ஒருமுறையேனும், முற்றும் உறங்குமுன் கண் சொருகும் நிலையிலேயே பாயில் கிடத்தித் தட்டிக்கொடுத்துப் பழக்கலாம். கண் மூடிய இடமும் விழித்த இடமும் ஒன்றாயிருந்தால் அச்சம் குறையும். மேனாட்டார் சிலர் அழவிட்டுப் பழக்கும் முறையொன்றைச் சொல்வர். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அது வேண்டா என்றே மருத்துவர் பலர் கருதுகின்றனர். நம் கருத்தும் அதுவே. ஒரே சுவரை இரு குடும்பம் பங்கிட்டு வாழும் குடியிருப்பில் அது நடவாது என்பது வேறு.

தூளியைப் பற்றிப் பலர் வினவியுள்ளனர். தூளி நல்லதே, தாய்க்கு ஒருமணி ஓய்வு தரும் பொருளை நாம் ஏன் இகழ வேண்டும்? ஆனால் அருகில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும் அதனைக் கொள்ளுங்கள். தரைக்கு அருகே தொங்கட்டும். வழுக்கும் நைலான் சேலை வேண்டா, பருத்திச் சேலை நன்று. முடிச்சை நாள்தோறும் சோதியுங்கள். குழந்தை தானே கவிழத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். இரவில் மல்லாத்தியே கிடத்த வேண்டும். இங்கிலாந்தில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் இதனை இயக்கமாகப் பரப்பிய பின்னர், காரணம் தெரியாது தொட்டிலில் நேர்ந்த சாவுகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. தலை உருண்டையாக வேண்டுமென்று இப்பக்கத்தில் கடுகுத் தலையணை அன்பளிப்பாகத் தருவர். அன்பைப் பெற்றுக்கொண்டு தலையணையை எடுத்து வைத்துவிடுங்கள். ஓராண்டு வரை தலையணையே வேண்டுவதில்லை. வசம்பு கோத்த வளையலையும், கழுத்து மணியையும் உறங்கும்போது கழற்றிவிடுங்கள். மிகக் களைத்த நிலையில் குழந்தையை மார்பில் அணைத்தபடி நாற்காலியிலோ சோபாவிலோ கண்ணயர்வது எல்லாவற்றினும் ஆபத்தானது. குடித்தவரும், மயக்க மருந்து உண்டவரும் குழந்தையின் படுக்கையில் படுக்கலாகாது.

இப்போது தந்தையரிடம் ஒரு சொல். இரயில் ஓட்டுநர் ஒருவர் இரவு வண்டி ஓட்டி வந்தால் அவருக்கு இத்தனை மணி ஓய்வு என்று விதி இருக்கிறது. தொடர்ந்து இத்தனை இரவுக்குமேல் அவரை அழைக்கலாகாது என்றும் இருக்கிறது. அவ்விதி கருணையினால் மட்டும் ஏற்பட்டதன்று. உறங்காதவன் சைகையைத் தவறவிடுவான் என்பதனால் ஏற்பட்டது. நாற்பது இரவு உறங்காத தாய்க்கு எந்த ரோஸ்டர் இருக்கிறது? பால் கொடுத்தல் ஒன்றுதான் அவளால் மட்டும் ஆவது. துணி மாற்றுதல், தோளிலிட்டு ஏப்பம் விடச் செய்தல், உறங்கவைத்தல் ஆகிய மூன்றும் எவராலும் ஆகும். பகற்பணி உள்ளவர் இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரை தம் பொறுப்பென்று எடுத்துக்கொண்டு, பாலுக்கு மட்டும் மனைவியை எழுப்பலாம். இரவுப்பணி உள்ளவர் காலையில் வந்ததும் படுக்கைக்குப் போகாமல், இரண்டு மணி நேரம் குழந்தையை வெயிலில் வைத்துக்கொண்டால் அவள் உறங்குவாள்.

மற்றொன்றும் உண்டு. நடுவண் அரசின் பணியிலுள்ள ஆடவர்க்கு, இரு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவராயின், பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பெரும்பாலோர் பேற்றுச் செய்தி வந்ததும் அதனை எழுதிக்கொடுத்து ஊருக்கு ஓடுகின்றனர். அங்கே மாமனார் வீட்டில் பத்துப் பேர் குழந்தையைச் சூழ்ந்திருப்பர். மருமகனுக்கு உண்பதும் உறங்குவதும் தவிர வேறு பணி இராது. அவ்விடுப்பைக் குழந்தை பிறந்த ஆறு மாதத்திற்குள் எப்போது வேண்டுமாயினும் எடுக்கலாம் என்பதைப் பலர் அறியார். பேற்றுக்குச் சாதாரண விடுப்பில் போய்வந்து, தந்தைமை விடுப்பை மனைவியும் குழந்தையும் மௌலா அலிக்கு வந்துசேரும் நாளுக்கென்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பயன்! ஆறு மாதம் கடந்தால் அது கழிந்துபோகும். தனியார் நிறுவனங்களில் உள்ளோர் தத்தம் அலுவலக விதியைக் கேட்டறிக. பாட்டியை வரவழைப்பதாயினும், பிறந்த வாரத்தைவிட இந்த நான்காம் மாதமே ஏற்ற காலம்.

எல்லா விழிப்பும் வயதினால் வருவதென்று இருந்துவிடவும் கூடாது. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 பாகை தொட்டால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் செல்க. எவ்வயதிலும் பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் விழியாமை, வலிப்பு, உதடு நீலம் பாரித்தல், விடாத வாந்தி, ஓயாது ஒரே குரலில் கதறல் ஆகியவை இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய குறிகள். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை நிமிடத்திற்கு ஐம்பது முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அதுவும் அவ்வாறே. அமைதியாகக் கிடக்கும்போது கடிகாரம் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் சிறிது காய்ச்சலும் சிணுங்கலும் வருவது வழக்கம். மருத்துவமனையில் சொல்லியனுப்பிய அளவில் மருந்து கொடுக்கலாம்.

கடிதங்களுள் ஒன்று பன்னிரண்டு வரியே கொண்டது. எழுதியவர் பெயரிடவில்லை, நாமும் அதனை அச்சிடப் போவதில்லை. குழந்தை உறங்கும்போதும் தமக்கு உறக்கம் வருவதில்லையென்றும், காரணமின்றி அழுகை வருகிறதென்றும், குழந்தையைக் கண்டால் சில வேளை மனம் ஒட்டுவதில்லையென்றும், தாம் நல்ல தாயல்லர் போலும் என்றும் எழுதியிருந்தார். அம்மா, இது ஒரு நோய், பேற்றுக்குப் பின் பல பெண்களுக்கு வருவது, மருத்துவத்தால் தீர்வது. பாலும் நிறுத்த வேண்டியதில்லை. நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இரயில்வே மருத்துவமனையிலும் சொல்லலாம். கணவரிடம் சொல்ல நாவெழாவிடில் இந்தப் பக்கத்தை மடித்து அவர் மேசைமேல் வைத்துவிடுங்கள். நம் சங்கத்து மாதர் பகுதியினர் பிற்பகல் வேளையில் ஒரு வீட்டிற்குப் போய் இரண்டு மணி நேரம் குழந்தையை ஏந்திக்கொள்ள முன்வந்திருக்கின்றனர். செயலாளர் வீட்டில் பெயர் கொடுத்தால் போதும்; காரணம் கேட்க மாட்டார்கள்.

எட்டாம் ஒன்பதாம் மாதத்தில், தவழத் தொடங்கித் தாய் கண் மறைந்தால் அழும் பருவத்தில், உறக்கம் மீண்டும் ஒருமுறை கலையும். அப்போது இந்த இதழை எடுத்துப் படித்துக்கொள்ளலாம். அடுத்த திங்கள் ஆறாம் மாதத்துச் சோறூட்டலைப் பற்றியும், மௌலா அலிச் சந்தையில் கிடைக்கும் தானியங்களைக்கொண்டு செய்யத்தக்க கூழ் வகைகளைப் பற்றியும் எழுதுவோம்.